ரத்தக்கறை: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

கேட்கப்பட்டது இது. கடலூரில் ஒரு வீட்டில் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை சிராய்த்து, வெள்ளைப் பள்ளிச்சட்டையில் ரத்தம். அம்மா வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தார், பிரஷ் போட்டுத் தேய்த்தார், போகவில்லை என்று பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினார். சிவப்பு போய்விட்டது. ஆனால் மஞ்சளும் பழுப்புமாக ஒரு திட்டு அப்படியே நிற்கிறது. இது போகுமா, அடுத்த முறை முதலில் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் போகும். ஒரே நாளில் போகாது, இரண்டு மூன்று சுற்று வேண்டும். நீங்கள் பயன்படுத்திய பொருள்களில் பலதும் ரத்தக்கறைக்கு ஏதோ ஒரு கட்டத்தில் உதவக்கூடியவைதான். தவறியது வரிசை. ரத்தக்கறையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று விஷயங்கள் இருக்கின்றன: புரதம், சிவப்பு நிறம், இரும்பு. முதலில் புரதத்தை எடுக்க வேண்டும், அடுத்து நிறத்தை, கடைசியில் இரும்பை. இந்த வரிசை மாறினால், உதவ வேண்டிய பொருளே கறையைத் துணியோடு கட்டிவிடும்.

100 மில்லி ரத்தத்தில் சுமார் 12 முதல் 16 கிராம் ஹீமோகுளோபின் இருக்கும். அதனுள்ளே ஏறத்தாழ 50 மில்லிகிராம் இரும்பு. இவை போக ஆல்புமின், பைப்ரினோஜன் போன்ற புரதங்கள். உடம்பை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களிலேயே பைப்ரினோஜன் மெல்லிய நார்வலையாக மாறி ரத்தத்தை உறைய வைக்கிறது. அந்த வலை நூலிழைகளுக்கு நடுவே பின்னிக்கொண்டால் வேலை கூடுகிறது. அதனால்தான் முதல் பத்து நிமிடத்தில் வெறும் தண்ணீர் செய்யும் வேலையை மறுநாள் எந்த விலையுயர்ந்த சோப்பாலும் அவ்வளவு எளிதாகச் செய்ய முடியாது. வெந்நீர் பட்டால் இந்தப் புரதங்கள், முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதுபோல இறுகிவிடும். பிறகு அவை தண்ணீரில் கரையாது.

ஆகவே புதுக் கறைக்கு முதல் வேலை குளிர்ந்த தண்ணீர். சட்டையைக் கழற்றி, கறை பட்ட இடத்தை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, பின்புறத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வேகமாக விழும்படி பிடியுங்கள். ரத்தம் எந்தப் பக்கமிருந்து உள்ளே போனதோ அந்தப் பக்கமாகவே வெளியே தள்ளப்பட வேண்டும். முன்பக்கமாக ஊற்றினால் நூலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். இரண்டு மூன்று நிமிடம் இப்படிப் பிடித்தாலே பாதிக்கு மேல் போய்விடும். இந்த நேரத்தில் தேய்க்க வேண்டாம், கசக்க வேண்டாம், பிரஷ் வேண்டவே வேண்டாம். பிரஷ் நூலைப் பிசிறாக்கி, கறையைச் சுற்றியும் பரப்பிவிடும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கடலூரிலும் புதுச்சேரியிலும் மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அந்தக் குழாயைத் திறந்தால் வருவது குளிர்ந்த தண்ணீர் அல்ல, கை சுடும் தண்ணீர். பச்சைத் தண்ணீரில்தானே அலசினோம், ஏன் போகவில்லை என்று பலர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். குழாயைத் திறந்து கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குடத்துத் தண்ணீரையோ மண்பானைத் தண்ணீரையோ எடுங்கள், அல்லது பக்கெட்டில் பிரிட்ஜ் ஐஸ் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரின் தரமும் கணக்கில் வரும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருப்பது சகஜம். கடினத் தண்ணீரில் கட்டி சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் துணியில் ஒட்டும், கறையும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். உங்கள் பக்கெட்டின் ஓரத்திலும் பாத்ரூம் தரையிலும் செம்பழுப்பாகப் படிந்தால் அந்தத் தண்ணீரிலேயே இரும்பு இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட தண்ணீரில் வெள்ளைத் துணியை ஊறவைக்காதீர்கள். கறைக்கு மட்டுமாவது நகராட்சிக் குழாய்த் தண்ணீரையோ குடிதண்ணீரையோ பயன்படுத்துங்கள். சட்டை முழுவதையும் முக்க வேண்டியதில்லை. கறை உள்ள பகுதி முங்க ஒரு லிட்டர் போதும்.

அலசிய பிறகும் இளஞ்சிவப்பாக இருந்தால் ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். சிவந்த தண்ணீரிலேயே விட்டால் கழன்று வந்த நிறம் துணி முழுக்க லேசாக ஏறும். உப்பு ஒன்றும் மாயம் செய்யாது. இன்னும் உறையாத புரதம் கரைந்து வர உதவும், அவ்வளவுதான். நேற்றைய கறைக்கு உப்பு மட்டும் போதாது.

அங்கேதான் என்சைம் உள்ள சோப்புத்தூள் வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கம் என்ன பொருள்கள் சேர்ந்திருக்கின்றன என்பதில் என்சைம் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சர்ஃப் எக்செல், ஏரியல் போன்ற தூள்களில் பொதுவாக உண்டு. மலிவான தூள்களிலும் கட்டி சோப்புகளிலும் பெரும்பாலும் இருக்காது. இதில் உள்ள புரோட்டியேஸ் என்ற என்சைம் புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகள் தண்ணீரில் கரைந்து போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி தூள். புதுக் கறைக்கு ஒரு மணி நேரம், காய்ந்ததற்கு இரவு முழுக்க. என்சைம் வெதுவெதுப்பில், 30 முதல் 40 டிகிரிக்குள், நன்றாக வேலை செய்யும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே அதற்குப் போதும். அடுப்பில் சுடவைக்கத் தேவையே இல்லை. கொதிக்கும் தண்ணீரில் கரைத்தால் என்சைமும் கெட்டுப்போகும், கறையும் இறுகும். இந்த ஊறலில் பிளீச், எலுமிச்சை, வினிகர், பெராக்சைடு எதையும் சேர்க்கக் கூடாது. என்சைமுக்கு லேசான காரத்தன்மை வேண்டும். புளிப்பு அதை மந்தமாக்கும், பிளீச் அதை அழித்துவிடும்.

புரதம் போன பிறகு மிச்சமாக நிற்பது நிறம். வெள்ளைப் பருத்தித் துணிக்கு இங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு மிக நன்றாக உதவும். மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவ விற்பது வழக்கமாக 20 வால்யூம், அதாவது சுமார் 6 சதவீதம். அதில் சரிபாதி தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்குங்கள். கறையின் கீழே ஒரு பழைய வெள்ளைத் துணியை மடித்து வைத்து, பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாகக் கறை நனையும் வரை விடுங்கள். ரத்தத்தில் கேடலேஸ் என்ற என்சைம் மிச்சமிருந்தால் உடனே நுரைக்கும். ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து நிமிடம். பிறகு நன்றாக அலசிவிட்டுத் தேவைப்பட்டால் மறுபடி ஊற்றலாம். கூடுதல் நேரம் வைத்தால் கூடுதல் வெள்ளை என்று நினைத்து இரவு முழுக்க விடாதீர்கள். இரும்பும் பெராக்சைடும் சேரும் இடத்தில் பருத்தி நூலே அரிக்கப்படும். கறை போய், அந்த இடம் சில மாதத்தில் நைந்து ஓட்டையாவது இதனால்தான்.

நிறத் துணியானால் முதலில் உள்தையல் மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினாலோ இடம் வெளுத்தாலோ அந்தத் துணிக்குப் பெராக்சைடு கூடாது. ஜீன்ஸும், சாயம் போகும் கட்டம்போட்ட கைத்தறிக் கைலிகளும் இதில் எளிதாக ஏமாற்றும். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கைலி என்றால் உப்பும் என்சைம் தூளும் மட்டும் வைத்து, இரண்டு மூன்று சுற்று பொறுமையாகச் செய்வது நல்லது.

நிறமும் போன பிறகு மஞ்சளாக, துருப்போல நிற்பதுதான் இரும்பு. உங்கள் பையன் சட்டையில் இப்போது இருப்பதில் பெரும்பகுதி இதுதான். பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின் சிவப்பு நிறத்தை உடைத்தது. அதனுள்ளே இருந்த இரும்பு விடுபட்டுத் துணியிலேயே துருவாகப் படிந்தது. வெந்நீரில் இறுகிய புரதமும் குளோரின் பட்டு மஞ்சளாகியிருக்கும். பள்ளிச்சட்டைகள் பல பாலியஸ்டர் கலந்தவை, சிலவற்றில் சுருங்காமல் இருக்க ரெசின் பூச்சும் இருக்கும். அந்தப் பூச்சு குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு தானாகவே மஞ்சளாகும். இந்த வகை மஞ்சள் மட்டும் முழுதாகப் போகாமல் நிற்கலாம்.

இனி அந்தச் சட்டைக்குச் செய்ய வேண்டியது. முதலில் குளோரின் வாசனை துளியும் இல்லாதபடி நான்கைந்து தண்ணீர் மாற்றி அலசுங்கள். இதை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் மிச்சமிருக்கும் துணியில் எலுமிச்சை, வினிகர் அல்லது வேறு எந்தப் புளிப்பும் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது மூச்சை அடைக்கும். அலசிய பிறகு இரவு முழுக்க என்சைம் தூளில் ஊறட்டும். இறுகிய புரதத்தை அது மெதுவாகத்தான் வெட்டும். காலையில் பார்த்து, கறை கொஞ்சம் குறைந்திருந்தால் புதுத் தூள் கரைத்து இன்னொரு இரவு. அடுத்து, பழுப்பு இன்னும் இருந்தால் பெராக்சைடு பத்து நிமிடம். நன்றாக அலசிய பின் கடைசியாக எலுமிச்சைச் சாறு. அல்லது சிட்ரிக் ஆசிட் ஒரு மேசைக்கரண்டியை 250 மில்லி தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். கறை நனையும்படி விட்டு, மேலே கொஞ்சம் உப்பைத் தூவி அரை மணி. புளிப்பு அப்படியே காய்ந்தால் பருத்தி பலவீனமாகும். அதனால் காய விடாமல் அலசிவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்யலாம்.

எலுமிச்சை இவ்வளவு நல்லதென்றால் முதலிலேயே ஏன் பிழியக் கூடாது என்று கேட்கலாம். பச்சை ரத்தத்தின் மேல் புளிப்பு பட்டால் புரதம் திரிந்து இறுகும், நிறமும் பழுப்பாகும். புளிப்பு கடைசியில்தான்.

வெயிலும் அப்படித்தான். கறை முழுதாகப் போகும்வரை துணியைக் கொடியில் போடாதீர்கள், அயர்ன் பண்ணாதீர்கள். ஈரத்தில் மங்கலாகத் தெரிந்த திட்டு காய்ந்ததும் பளிச்சென்று தெரியும், அதற்குள் சூடும் ஏறியிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் ஈரத் துணியை விரித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் இன்னொரு சுற்று ஊற வையுங்கள். வாஷிங் மெஷினில் போடுவதானால் பச்சைத் தண்ணீர் ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சில மெஷின்களில் காட்டன் என்ற ஓட்டம் தானாகவே தண்ணீரைச் சுடவைத்துக்கொள்ளும். வேட்டியைச் சலவைக்குக் கொடுப்பவர்கள், ரத்தம் பட்டிருந்தால் அதைத் தனியாக எடுத்துச் சொல்லிக் கொடுங்கள். வெள்ளாவியின் ஆவி ஏறிவிட்டால் பிறகு எடுப்பது கடினம். கஞ்சி, நீலம் இரண்டும் கறை போன பிறகுதான்.

நம் வீடுகளில் இன்னொரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. அடிபட்டவுடன் மஞ்சள்தூள் வைத்து அழுத்துகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெட்டாடைன் தடவுகிறார்கள். பிறகு துணியில் இருப்பதெல்லாம் ரத்தம் என்று நினைத்துத் துவைக்கிறோம். மஞ்சள்தூள் சோப்பின் காரம் பட்டதும் செக்கச்செவேலென்று மாறும். அதைப் பார்த்து ரத்தம் கூடிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சோப்பு முழுதாக அலசப்பட்டதும் மறுபடி மஞ்சளாகும். ரத்தத்தை எடுத்து முடித்த பிறகு அந்த மஞ்சளை வெயிலில் போட்டால் சில நாளில் வெளுத்துவிடும். பெட்டாடைனில் இருப்பது அயோடின். கஞ்சி போட்ட துணியில் அது பட்டால் கருநீலமாகும். நிறமில்லாத 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்து அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தடவினால் அயோடின் நிறம் கண்ணெதிரே மறையும். ஆனால் ரத்தமும் பெட்டாடைனும் ஒரே இடத்தில் இருந்தால் வைட்டமின் சி தடவி அலசாமல் பெராக்சைடு ஊற்றாதீர்கள், அயோடின் நிறம் திரும்ப வந்துவிடும். வைட்டமின் சியும் புளிப்புதான் என்பதால், அங்கேயும் முதலில் பச்சைத் தண்ணீர், என்சைம் ஊறல், அதன் பிறகே மாத்திரை.

பட்டுக்கும் கம்பளிக்கும் மேலே சொன்ன வழி பொருந்தாது. பட்டே ஒரு புரதம். கறையை வெட்டும் என்சைம் பட்டிழையையும் வெட்டும். பளபளப்பு போகும், நூல் பலவீனமாகும். பிளீச்சிங் பவுடர் பட்டைக் கரைத்தே விடும். பட்டுப்புடவையில் சொட்டு விழுந்தால் கீழே ஒரு வெள்ளைத் துணி வைத்து, மேலே குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள், ஓரத்திலிருந்து நடுவுக்கு. மிச்சத்துக்கு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் ஈஸி போன்ற மென்மையான திரவ சோப்பு அரைத் தேக்கரண்டி. ஜரிகை மேல் உப்பும் பெராக்சைடும் வேண்டாம், கறுத்துப்போகும். இதற்கும் போகவில்லையென்றால் டிரை கிளீனிங் கடைக்கு அன்றைக்கே கொடுத்து, கறையைக் காட்டி, இது ரத்தம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டிரை கிளீனிங் திரவம் எண்ணெய்க் கறையைத்தான் கரைக்கும். ரத்தத்தை அவர்கள் முன்னதாகத் தனியாக எடுத்தாக வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் துணி அப்படியே சுத்தமாகி, ஸ்டீம் அயர்னில் கறை நிலைத்துத் திரும்பி வரும்.

மீன் ரத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். கடலூர் துறைமுகத்திலும் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் தினமும் மீனோடு வேலை செய்பவர்களின் துணியில் ரத்தத்தோடு வழுவழுப்பும் கொழுப்பும் கவுச்சியும் சேர்ந்திருக்கும். முறை அதேதான்: பச்சைத் தண்ணீர், என்சைம் தூள், ஒரு மணி நேர ஊறல். கவுச்சியைப் போக்க எலுமிச்சைத் தண்ணீரில் கடைசி அலசல் நன்றாக உதவும், ஆனால் அது ரத்தம் போன பிறகுதான். வெள்ளைத் துணிக்குப் புளித்தண்ணீர் வேண்டாம், அதுவே கறையாகும்.

மாதவிடாய்க் கறைக்கும் இதே தண்ணீர், இதே உப்பு. இரவில் கழற்றியதும் அப்படியே போட்டு வைக்காமல், மூடியுள்ள ஒரு சிறு பக்கெட்டில் உப்புத் தண்ணீரில் முக்கிவிட்டால் காலையில் வேலை பாதியாகக் குறையும். ஊறவைக்க நேரமில்லாவிட்டாலும் நனைத்துப் பிழிந்து வைப்பது காய விடுவதைவிட எவ்வளவோ மேல். பள்ளிக்கூடத்தில் பாவாடையிலோ சுடிதாரிலோ பட்டுவிட்டால் பெண்பிள்ளைகள் சோப்பைத் தேடி அலைய வேண்டாம், பின்புறமாகப் பச்சைத் தண்ணீர் போதும். கறை போனதும் உள்ளாடைகளையும் துணி நாப்கின்களையும் நல்ல வெயிலில், வெளிப்படையாகக் காயப்போடுங்கள். மறைத்து இருட்டு மூலையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், உடம்புக்கு ஆகாது.

இலவம்பஞ்சு மெத்தையைத் தண்ணீரில் நனைத்துவிடாதீர்கள், உள்ளே போன ஈரம் நாள்கணக்கில் காயாது. இரண்டு மேசைக்கரண்டி சோடா உப்பு, ஒரு தேக்கரண்டி உப்பு, குழைக்கும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர். கறை மேல் பூசி, அரை மணி கழித்துச் சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் ஒற்றுங்கள். கொசு அடித்த புள்ளிகளுக்கு நனைத்த துணியால் உடனே ஒற்றினாலே போதும். தைக்கும்போது ஊசி குத்திய சொட்டுக்கு, வெள்ளை நூலைச் சுருட்டி நனைத்து ஒற்றி எடுக்கலாம்.

ரத்தம் வேறொருவருடையதானால் வெறுங்கையால் துவைக்காதீர்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கக்கூடியது. ரப்பர் கையுறை போடுங்கள். இல்லையென்றால் தடித்த பாலித்தீன் பையைக் கையில் மாட்டுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் முகத்தில் தெறிக்காதபடி வாளிக்குள்ளேயே அலசுங்கள். கறை போன பிறகு வெள்ளைப் பருத்தித் துணியை அரை மணி நேரம் கொதிக்கவைக்கலாம். அப்போது சூடு கெடுதல் செய்யாது. கோரிமேட்டு ஜிப்மருக்கு நோயாளியோடு போய், பஸ்ஸில் கடலூர் திரும்புகிறவர்கள், துணியை அங்கேயே குழாயில் நனைத்துப் பிழிந்து பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துவாருங்கள். வழியில் காயாமல் இருந்தாலே வீட்டுக்கு வந்து எடுப்பது எளிது.

பெராக்சைடை அது வந்த கறுப்பு அல்லது பழுப்பு நிறப் பாட்டிலிலேயே, வெளிச்சம் படாமல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் யாராவது குடித்துவிடுவார்கள். தண்ணீர் கலந்ததை மிச்சம் வைக்க வேண்டாம், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். திறந்து பல மாதம் ஆன பாட்டிலில் சக்தி இறங்கியிருக்கும். துளி ரத்தத்தின் மேல் விட்டுப் பார்த்து, நுரைக்கவே இல்லையென்றால் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.